விழுந்தவனுக்குத்தான் விசில்

“நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல.” மச்சானின் மனைவி தன் புருஷனைப் பற்றிச் சொல்வது இது. கல்யாணமான புதிதில் அவர் காதோடு சொன்னாள். பிறகு வந்துபோகிறவர்கள் காதிலும் விழும்படி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சொல்லாமல் என்ன செய்வாள், பாவம்! மனிதர் நின்றுகொண்டே சாப்பிடுவார். பிடித்து உட்கார வைத்தாலோ, முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் மேஜைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். பஸ் வருகிறவரை நிறுத்தத்தில் நிற்கப் பொறுக்காமல், முந்தின நிறுத்தத்துக்கு நடந்தே போய் அங்கே ஏறிக்கொண்டு வருவார். அதே பஸ், அதே நேரம். கேட்டால், “சும்மா நிக்கிறதுக்கு நடக்கலாம்ல?” என்பார்.

இப்படிக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு அலைகிற ஆளுக்கு வாய்த்த உத்தியோகத்தைக் கேளுங்கள். மெதுவாகப் போவது. அதற்குத்தான் சம்பளம்.

காகிதத்தில் அப்படி எழுதியிருக்காது. காகிதத்தில் அவர் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியின் பிசியோ. ஆட்டக்காரன் அடிபட்டு விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறவர். பிடித்துக்கொண்ட தசையை நீவிவிடுகிறவர். பிசகிய கணுக்காலைக் கட்டுகிறவர். முறையாகப் படித்து வந்தவர், கைராசிக்காரர் என்ற பேரும் உண்டு. ஆனால் அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, ஆட்டம் முடியப்போகிற வேளையில், எவனாவது ஒருவன் மேலே ஒரு தூசிகூடப் படாமல் சுருண்டு விழுவான் பாருங்கள், அப்போதுதான் மச்சானின் நிஜமான வேலை ஆரம்பம். கால்பந்தில் கடிகாரம் நிற்காது, ஆட்டம்தான் நிற்கும். விழுந்தவனைச் சுற்றி நின்றுகொண்டு முடிந்த மட்டும் நேரத்தைத் தின்னலாம். நடுவர் கடைசியில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்தான். தின்றது முழுவதும் திரும்பி வராது. அதைவிட முக்கியம், எதிராளிகளுக்கு ஏறியிருந்த வேகம் அதற்குள் ஆறிப்போய்விடும்.

அவருக்கு எப்படி ‘மச்சான்’ என்று பேர் வந்தது என்றால், அணியின் கோல்கீப்பர் அவருடைய மனைவியின் தம்பி. அவன் ஒருவன் மச்சான் மச்சான் என்று கூப்பிட, கேட்டுக் கேட்டு மொத்த அணியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. தலை நரைத்த கோச்கூட, “மச்சான், இவன் தொடையைக் கொஞ்சம் பாருங்க” என்பார். “எனக்கே தெரியாம எங்கம்மா இத்தனை பிள்ளை பெத்துருக்காங்களா?” என்று மனைவி சிரிப்பாள்.

மச்சான் ‘மாப்ள’ என்று கூப்பிடுகிற அந்தத் தம்பிக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு: தலகாணி. விழுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற ஆட்டக்காரர்கள் சிகிச்சை வாங்கிக்கொண்டால் கோட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். நடுவர் கையசைத்தால்தான் திரும்ப உள்ளே வரலாம். கோல்கீப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. படுத்த இடத்திலேயே எழுந்து ஆடலாம். அதனால் கோச் ஜாடையாக மூக்கைத் தேய்த்தால் விழ வேண்டிய பொறுப்பு இவனுடையது. ஒருமுறை வெளியூர் ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் கையோடு குட்டித் தலகாணிகளைக் கொண்டுவந்து அவன் கோலுக்குப் பின்னாலிருந்து வீசினார்கள். வேறொருவனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். இவன் அதில் ஒன்றை எடுத்துத் தட்டிப் போட்டு, தலையை வைத்து, ஒருக்களித்துப் படுத்துக் காட்டினான். மஞ்சள் அட்டை கிடைத்தது. பேரும் ஒட்டிக்கொண்டது.

மச்சானும் தலகாணியும் சேர்ந்து அந்தக் கூத்தை நாளாக நாளாக மெருகேற்றி வைத்திருந்தார்கள். விழுந்ததும் இடது கையால் புல்லைத் தட்டினால், ஒன்றுமில்லை, ஆற அமர வாங்க என்று அர்த்தம். அந்தத் தட்டல் மச்சானுக்கு மட்டுமல்ல, அக்காவுக்கும் சேர்த்துத்தான். அவள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கடைச் சுவரில் ஒரு டிவி உண்டு. தம்பி விழுந்தால் பதறிப்போய் ஒருவருடைய மருந்துக்கு இன்னொருவர் தலையில் பில் போட்டுவிடுகிறாள் என்று அவளே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

தட்டலைப் பார்த்ததும் மச்சான் ஓட ஆரம்பிப்பார். ஓடுவது போலவேதான் இருக்கும். முழங்கால் உயரும், கை வீசும், பை இடுப்பில் மோதும். ஆள் மட்டும் வந்து சேரமாட்டார். பாதி வழியில் கத்தரிக்கோல் கீழே விழும். திரும்பிப் போய் எடுப்பார். ஒருவழியாக வந்து மண்டியிட்டு, குளிர் ஸ்ப்ரேயைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்குவார். கண்ணில் அடித்துப் பார்க்கிற சின்ன டார்ச் ஒன்று பையில் உண்டு. அதன் பேட்டரி செத்து வெகு நாளாயிற்று. நடிப்புக்கு வெளிச்சம் எதற்கு? பிறகு தலையில் அடிபட்டவனைக் கேட்கிற கேள்விகள். எந்த மைதானம், எந்தப் பாதி ஆட்டம், கடைசியா கோல் போட்டது யாரு, போன ஆட்டம் யாரோட. நடுவர் காதில் விழ உரக்கக் கேட்பார். தலகாணி கண்ணைச் சொருகிக்கொண்டு, ஏதோ பாதாளத்திலிருந்து பேசுகிறவன் மாதிரி, “எங்க… மைதானம்… ரெண்டாவது… பாதி…” என்று இழுப்பான். கோல் போட்டது எப்போதும் கேப்டன்தான், போன ஆட்டம் எப்போதும் துறைமுக அணியோடுதான். உண்மையில் யார் போட்டால் என்ன, யாரோடு ஆடினால் என்ன? சரிபார்க்க எவன் வரப்போகிறான்?

கேள்விகளுக்கு நடுவே கிசுகிசுப்பு வேறு ஓடும்.

“மச்சான், அக்கா இன்னைக்கு என்ன சமைக்கிறா?”

“வலிக்கிற மாதிரி முகத்தை வைடா எருமை. சிரிக்காத.”

“நீங்க மூக்கை மூக்கை உறிஞ்சினா சிரிப்பு வராதா?”

ஊரே எழுந்து நின்று திட்டும். காகிதக் கோப்பைகள் பறந்து வரும். நடுவே அந்தப் புல்லில் மண்டியிட்டிருக்கிற நேரத்தில்தான், அதிசயம் பாருங்கள், மச்சானின் முழங்கால் ஆடாது. வீட்டில், பஸ்ஸில், படுக்கையில் வராத ஒரு நிம்மதி அங்கே வரும். பொய்தான். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் மாப்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊரையே காக்க வைப்பதில் ஒரு சுகம் இருந்தது, இல்லையென்று சொன்னால் அதுதான் பெரிய பொய்.

அந்த வருஷம் அணிக்கு நேரம் சரியில்லை. பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் லீக்கில் நீடிக்கலாம். இல்லையென்றால் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டியதுதான். அந்த வாரம் முழுவதும் மச்சான் இருந்த இருப்பு இருக்கிறதே, கொடுமை. பையைப் பிரிப்பார், அடுக்குவார், மறுபடி பிரிப்பார். பல் தேய்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு வாசல்வரை போய் வருவார். சகுனம், கனவு என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். விஷயம் வேறு. அந்த ஆட்டத்துக்கு வரப்போகிற நடுவர், முன்பே ஒரு ஆட்டத்தில் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தவர். “உங்க பையைப் பாத்தாலே எனக்குச் சட்டைப் பையில அட்டை துடிக்குது. இனி ஒரு தடவை கத்தரிக்கோல் கீழ விழுந்துச்சு, அதை நான் எடுத்துக்குவேன்” என்று சிரிக்காமல் சொன்னவர்.

“விழணும்னா ஒரே ஒரு தடவை விழு” என்று உடைமாற்றும் அறையில் மாப்ளையின் விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டே மச்சான் சொன்னார். “அந்த ஆளு கொள்ளிக்கண்ணு வச்சுக்கிட்டு இருக்காரு.”

“ஒரு தடவைதான் மச்சான். ஆனா நல்ல நீளமா” என்றான் தலகாணி.

முதல் பாதியிலேயே நம்ம அணி ஒரு கோல் போட்டுவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கப்புறம் என்ன, பாத்திரத்தில் இருப்பதைக் காப்பாற்றுகிற வேலைதான். கோச் ஒவ்வொருவனாக மாற்றினார். களைத்தவனை வெளியே எடுத்தார், தடுக்கிறவனை உள்ளே விட்டார். ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே மாற்றலாம் என்று விதி கொடுத்திருக்கிற ஆட்கள் அத்தனை பேரையும் மாற்றித் தீர்த்துவிட்டார். மாற்றுக் கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவனை இனி இறக்க வழியில்லை.

அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு பந்து தாழ்வாக உள்ளே வந்தது. தலகாணி அதன்மேல் பாய்ந்தான். எதிரணியின் நெட்டை ஆட்டக்காரன் ஒருவன் வேகமாக வந்துகொண்டிருந்தவன் நிற்க முடியாமல் இவன்மேல் ஏறிவிட்டான். அவன் முழங்கால் காதுக்கு மேலே போய் இடித்தது. மச்சானுக்கு அது தெரியவில்லை. நடுவில் ஒரு தடுப்பாட்டக்காரனின் முதுகு மறைத்தது. அவர் பார்த்தது இதைத்தான்: பந்து வெளியே போயிற்று, மாப்ளை குப்புற விழுந்தான், இடது கை புல்லைத் தட்டியது. தட்டியது, மறுபடி தட்டியது.

“அட என் ராசா!” என்றார் மச்சான். பெஞ்சில் இருந்தவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஓடினார், அந்த ஓட்டம். எச்சரிக்கை ஞாபகம் வந்து கத்தரிக்கோலை மட்டும் விட்டுவிட்டார். அதற்குப் பதில் ஒரு கட்டுத்துணி உருண்டது. மண்டியிட்டார். ஸ்ப்ரேயைக் குலுக்கினார். செத்த டார்ச்சை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். பிறகு உரத்த குரலில், “எந்த மைதானம்?”

“எங்க மைதானம்.”

“எந்தப் பாதி?”

“ரெண்டாவது பாதி.”

“கோல் யாரு?”

“கேப்டன்.”

“போன ஆட்டம்?”

“துறைமுக அணி.”

இழுக்கவே இல்லை. பள்ளிக்கூடப் பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி டக்டக்கென்று வந்தது. மச்சானுக்குக் கடுப்பாகிவிட்டது. குனிந்து, “என்னடா அவசரம்? மெதுவா சொல்லு. அக்கா கடையில பாத்துக்கிட்டு இருப்பா, முகத்தை நல்லா வை” என்றார்.

தலகாணி அவரைப் பார்த்தான். மரியாதையாகப் பார்த்தான்.

“சரிங்க சார்” என்றான். “ரொம்ப நன்றி சார்.”

மச்சானுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்தப் பயலுக்கு எந்த நேரத்தில் விளையாட்டு என்று. “என்னடா புதுசா சாரு?” என்றார். வழியில் போகிற யாரோ ஒருவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பை அவன் சிரித்தான். மச்சான் ஸ்ப்ரேயைக் கீழே வைத்தார்.

“மாப்ள. நான் யாரு?”

இது பாடத்தில் இல்லாத கேள்வி. மறுபடி அதே சிரிப்புத்தான். டார்ச்சின் பொத்தானை அமுக்கினார், அமுக்கினார், அது எங்கே எரியும்? உள்ளங்கையால் அவன் கண்ணை மூடி, சட்டென்று எடுத்து வெயிலில் பார்த்தார். ஒரு கண்ணின் பாப்பா சுருங்கியது. இன்னொன்று சோம்பேறித்தனமாக அப்படியே இருந்தது. காதுக்கு மேலே விரலை வைத்தால் சதை அதற்குள் பொதுபொதுவென்று வீங்கத் தொடங்கியிருந்தது. பாவி, கை பழக்கத்தில் தட்டியிருக்கிறது! மண்டை கலங்கிக் கிடக்கும்போதும் கை மட்டும் கற்றுக்கொண்ட வேலையைச் செய்திருக்கிறது. பதில்களும் அப்படித்தான் வந்திருக்கின்றன. நாமே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம்.

எழுந்து நடுவரிடம் ஓடினார். “சார், நிஜமாவே தலையில அடி. ஆட்டத்தை நிறுத்துங்க. டாக்டரைக் கூப்பிடுங்க.”

“போன தடவையும் நிஜம்னுதான் சொன்னீங்க.”

“சார், என்னையே அவனுக்கு அடையாளம் தெரியல சார்!”

“புலி வருது, புலி வருதுன்னு எத்தனை தடவைய்யா? உங்க டார்ச் எரியவே இல்ல. அதை வச்சுத்தான் கண்ணைப் பாத்தீங்களா? எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சீங்களா?”

அதற்குள் தலகாணி தானாகவே எழுந்து நின்றுவிட்டான். விழுந்தால் எழுந்திருக்க வேண்டும், அதுவும் பழக்கம்தானே. நடுவர் அவனிடம் போனார். மனிதர் கெட்டவர் இல்லை; கடமைக்கு ஒரு தடவை கேட்டுத்தான் பார்த்தார். “ஆட முடியுமா? இது எந்த மைதானம்?”

“எங்க மைதானம்.”

“எந்தப் பாதி?”

“ரெண்டாவது பாதி.”

நடுவர் மச்சானைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோகும். தலகாணிக்கு மஞ்சள் அட்டையைக் காட்டினார். மச்சானைப் பார்த்து வெளியே கையை நீட்டினார்.

கோட்டோரம் கோச் முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தார். “பிரமாதம் மச்சான்! அழுகையே வந்துருச்சே உங்களுக்கு!”

“கோச், நடிப்பில்ல. அவனை வெளிய எடுங்க.”

கோச்சுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகும் அவர் பார்த்தது மாப்ளையை அல்ல, ஸ்கோர் பலகையை. “எடுத்துட்டு யாரை வைக்கிறது? ஆளு மாத்தியாச்சே எல்லாம். இன்னும் கொஞ்ச நேரம்தான். சும்மா நின்னா போதும்.”

“இன்னொரு இடி வாங்கினா செத்துருவான் கோச்!”

“அவன் எல்லா வாரமும்தான் சாகறான்” என்றார் கோச். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டம் தொடர்ந்தது. எதிரணிக்கு உடனே ஒரு கார்னர் கிடைத்தது. மச்சான் கோட்டோரமாகவே கோல் பக்கம் ஓடினார். மாப்ளை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வலையைப் பார்த்து நின்றிருந்தான். முதுகுதான் மைதானத்துக்குத் தெரிந்தது. ஒரு தடுப்பாட்டக்காரன், “டேய் தலகாணி, போதும்டா உன் காமெடி” என்று தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டுப் போனான். நெட்டையர்கள் எல்லாரும் கோல் முன்னால் வந்து குவிய ஆரம்பித்தார்கள். கார்னர் பந்து மேலே வந்தால் கோல்கீப்பர் அந்த முட்டிகளுக்கும் முழங்கைகளுக்கும் நடுவேதான் எம்பியாக வேண்டும். புத்தி எம்பாவிட்டாலும் உடம்பு எம்பிவிடும்.

“நிறுத்துங்க! டாக்டர்! டாக்டர்!” என்று மச்சான் தொண்டை கிழியக் கத்தினார். “கோட்டுக்குப் பின்னாடி போங்க” என்று ஒரு காவலாளி நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். ரசிகர்கள் கைதட்டினார்கள். என்ன மாதிரி நடிக்கிறான்யா நம்ம மச்சான்! அவர்களுக்கு அவர் அலறல் அத்தனையும் நேரம் தின்கிற வித்தையாகத்தான் பட்டது. கத்துகிறவனை எவன் மதிக்கிறான்? இந்த மைதானத்தில் விழுந்தவனுக்குத்தான் விசில். அவருக்கு அது தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்குத் தெரியும்?

கார்னர் எடுக்கிறவன் கையை உயர்த்தினான். மச்சான் காவலாளியின் கைக்கு அடியில் நுழைந்து ஓடினார். வாழ்நாளில் அந்த மைதானத்தில் அவர் நிஜமாக ஓடிய ஓட்டம் அது ஒன்றுதான். பை எங்கேயோ பறந்தது. கூட்டத்துக்கு நடுவே போய், நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடியோடு வெட்டிய மரம் மாதிரி விழுந்தார்.

விசில் ஒலித்தது.

ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. ஏன் படுவார்கள்? ஆட்டக்காரன் விழுவான், பையோடு வருகிறவன் எங்காவது விழுவானா? நடுவரே ஓடிவந்து மண்டியிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மாப்ளையை இடித்த அந்த நெட்டையன் இரண்டு கையையும் ஆட்டி ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டான். திட்டிக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது. மைதானத்து டாக்டரம்மா மூச்சு வாங்க ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தறிகெட்டு ஓடியது. அதில் ஒன்றும் பொய் இல்லை.

மச்சான் அந்தக் கையை விடாமல் பற்றிக்கொண்டார். “டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. அந்தக் கோல்கீப்பரைப் பாருங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன், அவனைப் பாருங்க. என் மச்சினன்மா.”

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் அறைந்திருப்பார். ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டார். இவ்வளவு களேபரத்துக்கும் தலகாணி இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்கவில்லை. கம்பத்தடியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மாவின் டார்ச் எரிந்தது. ஒரு தரம்தான் பார்த்தார். “ஸ்ட்ரெச்சர் இங்க வரட்டும்!” என்று அவர் போட்ட சத்தத்தில், சட்டைப் பையில் அட்டையைத் தேடிக்கொண்டிருந்த நடுவரின் கை அங்கேயே நின்றுவிட்டது.

பிழைத்தானா என்று கேட்பீர்கள். பிழைத்தான். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது; திறந்து எடுத்தார்கள். இன்னொரு இடி வாங்கியிருந்தால் இங்கே கொண்டுவந்தே பிரயோஜனம் இல்லை என்றார் சர்ஜன். அதற்கப்புறம் அவன் கோலில் நிற்கவில்லை. இப்போது ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலணி அளவு பார்க்கிறான், நன்றாகவே இருக்கிறான். அன்றைக்கு அவன் இடத்தில் ஒரு நடுக்கள ஆட்டக்காரன் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான். வந்த பந்தெல்லாம் உள்ளே போயிற்று, அணி கீழே இறங்கியது. நிர்வாகம் மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மைதானத்துக்குள் அத்துமீறி நுழைந்து எல்லாரையும் ஏமாற்றினாராம். ஏமாற்றினாராமே! அதுவரைக்கும் எதற்குச் சம்பளம் கொடுத்தார்களாம்?

வீட்டில் தலகாணி அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் போட்டுப் பார்ப்பான். அவனுக்கு அந்த நாளே ஞாபகமில்லை. “நல்லாத்தான் விழுந்துருக்கீங்க மச்சான். ஆனா விழறதுக்கு முன்னாடி இடம் பாக்கறீங்க, அது தப்பு” என்று குறை சொல்வான். அவர் விழுகிற இடம் வருவதற்குள் மச்சான் எழுந்து வெளியே போய்விடுவார். எல்லாரும் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். கூச்சம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று சாயங்காலம் நடந்ததை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாப்ளையை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஒரு தகவலும் இல்லை. மச்சான் அந்த வராந்தாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அளந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் இன்னும் திறந்தே கிடந்தன. திடீரென்று நின்றார். டிவி! கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்திருக்குமே! மனைவிக்குப் போன் போட்டார். எடுத்தது கடையில் கூட வேலை செய்கிற பெண்.

“அக்கா போனை இங்கயே போட்டுட்டு ஓடிட்டாங்க. யாரு பேசறது?” பிறகு குரலைக் கண்டுபிடித்துவிட்டு அலறினாள். “ஐயோ, நீங்களா சார்? உயிரோட இருக்கீங்களா?”

பதில் சொல்வதற்குள் வராந்தாவின் அந்தக் கோடியில் மனைவியின் குரல் கேட்டது. “கால்பந்து மைதானத்துலேருந்து கொண்டு வந்தாங்களே, நெஞ்சு வலின்னு, எங்க வச்சிருக்கீங்க? எங்க வச்சிருக்கீங்க?” ஒரு நர்ஸின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு காலில் செருப்பு இல்லை.

திரும்பினாள். அவரைப் பார்த்தாள். நின்றுகொண்டிருக்கிற புருஷனைப் பார்த்தாள்.

ஓடிவந்து முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், திறந்து கிடந்த நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அதே நெஞ்சில் மடேர் மடேரென்று குத்தினாள். “நிக்கிறீங்களே! நல்லா நிக்கிறீங்களே! பாவி மனுஷா, உயிரே போயிருச்சுங்க எனக்கு!” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. “தம்பி விழுந்து தரையைத் தட்டினான், சரி, வழக்கமான கூத்துன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அடுத்து பாத்தா நீங்க விழறீங்க. கை அசையவே இல்ல. எப்படி ஓடிவந்தேன்னு எனக்கே தெரியல.”

கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததில்லை. அவள் கோட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வராந்தாவைச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“தம்பி எங்கங்க? உங்களை இப்படித் தனியா விட்டுட்டு எங்க போனான்? வரட்டும், அவனுக்கு இருக்கு.”

மச்சான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.